பெருக்கிய எழுத்தும் வரைந்த எழுத்தும்

காஞ்சிபுரத்தின் காந்தி சாலையில் பட்டுக்கடைகள் வரிசையாக நிற்கின்றன. கடைதோறும் நெற்றியில் ஒரு பலகை. பலகைதோறும் 'காஞ்சிபுரம்' என்னும் சொல்லோ 'பட்டு' என்னும் சொல்லோ, பெரும்பாலும் இரண்டுமோ தடித்த எழுத்தில் நிற்கும். இவ்விரு சொற்களையும் ஒரே தடிப்பில் எழுதித் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். 'பட்டு' நிமிர்ந்து நிற்கும். 'காஞ்சிபுரம்' நடுவில் மூச்சுத் திணறும். திணறும் இடம் 'ஞ்'.

காரணம் எளியது. பகரமும் டகரமும் நேர்க்கோடுகளால் ஆனவை. கோட்டை எவ்வளவு தடிக்கச் செய்தாலும் பகரத்தின் வயிற்றில் வெளி எஞ்சும். டகரத்தின் மேற்புறம் திறந்தே கிடப்பதால் அங்குப் புள்ளி தாராளமாக அமரும். ஞகரத்தின் நிலை வேறு. அதன் கோடு தன்மேலேயே திரும்பி வளைகிறது. வளைவுக்கும் வளைவுக்கும் இடையே உள்ள வெண்வெளியே அவ்வெழுத்தை அடையாளம் காட்டுவது. கோடு தடிக்கத் தடிக்க அவ்வெளி சுருங்குகிறது. இறுதியில் கருமைத் திட்டாக அடைபடுகிறது. மேலே நிற்கும் புள்ளியும் இறங்கி எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ணகரம், இகரம், ஐகாரம் ஆகியவற்றுக்கும் இதே இன்னல் உண்டு. 'கண்ணாடி', 'கிண்ணம்', 'இஞ்சி' போன்ற சொற்களை மிகத் தடித்த எழுத்தில் எழுதிப் பார்க்கும் மாணவர் இதைத் தம் கண்ணாலேயே உணரலாம்.

எழுத்தைத் தடிக்கச் செய்வது வேறு; தடித்த எழுத்தை வரைவது வேறு. முன்னது கணினியில் ஒரு விசையை அழுத்தினால் முடிவது. பின்னதற்கு ஓர் எழுத்தின் எப்பகுதி பருக்கலாம், எப்பகுதி பருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாக ஆராயும் உழைப்பு வேண்டும். தமிழ்நாட்டுத் தெருக்களில் இன்று கண்ணில்படும் தடித்த தமிழில் பெரும்பகுதி முதல் வகையைச் சேர்ந்தது. இதை அழகு பற்றிய குறையாக மட்டும் கருதி விலக்க இயலாது. படிக்க முடிவதும் முடியாததுமே இங்குக் கேள்வி.

தடித்த எழுத்தின் வரலாறு

தலைப்பைத் தடித்த எழுத்தில் அமைப்பது தொன்றுதொட்டு வந்த வழக்கு என்று தோன்றலாம். அவ்வாறன்று. காஞ்சிக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டுகள் ஊரார் அனைவருக்குமான செய்தியைத் தாங்கியவை. இருப்பினும் அவற்றில் தலைப்பும் இல்லை, பெரிய எழுத்தும் இல்லை. 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்னும் மங்கலச் சொல்லே தொடக்கத்தை அறிவிக்கும். அதன்பின் எழுத்துகள் ஒரே அளவில் வரிவரியாகச் செல்லும். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலில் பல்லவர் வரலாற்றைக் கூறும் சிற்பத் தொகுதிக்குரிய விளக்க எழுத்துகளும் சிற்பத்துக்கு அடங்கியே நிற்கின்றன.

எழுத்தால் வியப்பூட்ட விரும்பிய அரசனும் காஞ்சியில் இருந்தான். கயிலாசநாதர் கோயிலை எடுப்பித்த இராசசிம்ம பல்லவன், தன் விருதுப்பெயர்கள் இருநூறுக்கும் மேற்பட்டவற்றைத் திருச்சுற்றின் சிற்றாலயங்களில் பொறிக்கச் செய்தான். அவை வடமொழிப் பெயர்கள். கிரந்தத்திலும் நாகரியிலும் வெவ்வேறு வரிவடிவங்களில் மீண்டும் மீண்டும் வெட்டப்பட்டவை. சில வரிகளில் எழுத்தின் முனைகள் கொடிபோல் சுழன்று அலங்காரமாகவே மாறிவிடுகின்றன. பெருமிதம் அங்கே கோட்டின் பருமனால் அமையவில்லை, அணியால் அமைந்தது. அவ்வணி எழுத்துகளைப் பயிற்சி பெற்றவரும் நின்று நிதானித்தே படிக்க இயலும். அரசன் அதைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டியதில்லை, அவன் பெயரைப் படிக்காமற்போனால் எவருக்கும் பேருந்து தவறாது.

தடிப்பு என்னும் தேவை சந்தையிலிருந்தும் அச்சுக்கூடத்திலிருந்தும் பிறந்தது. ஐரோப்பாவிலும் 18ஆம் நூற்றாண்டு வரை, அழுத்திக் காட்ட வேண்டிய சொல்லைச் சாய்வெழுத்தில் அமைப்பதே வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் தெருக்களில் சுவரொட்டிகள் பெருகின. அவை ஒன்றையொன்று மிஞ்ச வேண்டியிருந்ததால் எழுத்துகள் பருத்தன. 1845இல் இராபர்ட் பெஸ்லியின் வார்ப்பகம் 'கிளாரெண்டன்' என்னும் எழுத்தை வெளியிட்டது. அகராதிகளில் தலைச்சொல்லைப் பிரித்துக் காட்ட, மெல்லிய எழுத்தோடு இணைந்து நிற்கத்தக்க தடித்த துணையாக அது அமைந்தது. இன்று பாடநூலைப் புரட்டும் மாணவரின் கண் தலைப்பில் முதலில் பதிவது அந்த மரபின் தொடர்ச்சியே.

கிளாரெண்டனின் முனைகளில் சிறு குறுக்குக்கோடுகள் உண்டு. அவற்றைச் செரிஃப் என்பர். மனிதன் இரு பாதங்களையும் அகல ஊன்றி நிற்பதுபோல் அவை எழுத்துக்கு நிலைப்பு அளிக்கின்றன. அவற்றின் தோற்றுவாய் பற்றி ஒரு சுவையான கருத்து உண்டு. உரோமாபுரியில் கி.பி. 113இல் எழுப்பப்பட்ட திராயன் தூணின் எழுத்துகளை ஆராய்ந்தவர் எட்வர்ட் காட்டிச் என்னும் அமெரிக்கப் பாதிரியார். கல்லில் உளி படுவதற்கு முன் தட்டைத் தூரிகையால் எழுத்து வரையப்பட்டது. தூரிகையை ஊன்றித் திருப்பி எடுக்கும் அசைவே அந்த முனைக்கோட்டை உண்டாக்கியது என்று அவர் 1968இல் வெளியிட்ட நூலில் நிறுவ முயன்றார். இளமையில் சிகாகோ நகரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர் அவர். தூரிகை பிடித்த கையாக இருந்ததால்தான், அறிஞர் பலர் காணாததை அவர் கண் கண்டது போலும்.

தமிழுக்கு முனைக்கோடு வேண்டுமா?

ஆங்கில எழுத்துக்குச் செரிஃப் இருப்பதால் தமிழுக்கும் அதை ஒட்டவைக்கலாம் என்று சிலர் முயன்றுள்ளனர். டகரத்துக்கும் பகரத்துக்கும் மகரத்துக்கும் அது ஓரளவு பொருந்தும், அவற்றுக்கு நேர்க்கோடும் மூலையும் உள்ளன. ஞகரத்தில் எங்கே ஒட்டுவது? ஐகாரத்துக்குப் பாதம் எது? சில எழுத்துகள் செருப்பணிந்தும் சில வெறுங்காலோடும் நிற்பதுபோன்ற தோற்றமே அம்முயற்சிகளில் எஞ்சுகிறது. கடன்வாங்க வேண்டியது முனைக்கோட்டை அன்று. அது பிறந்த முறையை. கருவி எப்படி அசைகிறதோ அதற்கேற்பக் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் செல்லட்டும். தடிப்பையும் மெலிவையும் எங்கே வைப்பது என்பதைத் தமிழ் எழுத்தின் வளைவுகளே முடிவு செய்யட்டும்.

ஓலை எழுத்தில் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. எழுத்தாணி கீறும் கோடு எங்கும் ஒரே மென்மை உடையது. ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியையும் பெரும்பாலோர் இடாது விட்டனர். மெய்யா உயிர்மெய்யா, எகரமா ஏகாரமா, காலா ரகரமா என்பதைப் படிப்பவரே இடம் நோக்கி உணர வேண்டியிருந்தது. வீரமாமுனிவர் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வரிவடிவிலேயே காட்டியதன் அருமை இப்பின்னணியில் விளங்கும். உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஏட்டுச் சுவடிகளோடு போராடியதிலும் இச்சிக்கலுக்குப் பங்குண்டு. அத்தனை பேர் உழைத்துப் பெற்ற புள்ளியை, கோட்டைக் கண்மூடித்தனமாகப் பருக்கச் செய்து எழுத்துக்குள் புதைப்பது வருந்தத்தக்கது. ஏட்டைப் படித்தவர் புலவர். அவருக்கு யாப்பும் இலக்கணமும் துணை நின்றன. பலகையைப் படிப்பவர் வழிப்போக்கர்.

தமிழ் அச்சின் வரலாறும் பெரிய எழுத்துக்கு இடம்கொடுக்கவில்லை. கொல்லத்தில் 1578இல் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்கள் கொண்ட சிறுநூல். சீகன்பால்குவின் தரங்கம்பாடி அச்சகத்துக்காகச் செருமனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் உருவில் பெரியவை. அவற்றால் நூல் அச்சிட்டால் தாள் கட்டுப்படியாகாது. ஆகவே பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈயத்தகடுகளை உருக்கிச் சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்தனர். சிறிதாக்குவதே அன்றைய வெற்றி. அந்தத் திசையிலேயே தமிழ் அச்சு நெடுந்தொலைவு வளர்ந்தது. நூலுக்குரிய எழுத்துகள் செம்மையுற்ற அளவுக்குத் தெருவுக்குரிய எழுத்து அச்சகத்தில் செம்மையுறவில்லை.

அக்குறையை நிரப்பியவர்கள் பலகை எழுதும் ஓவியர்கள். தட்டைத் தூரிகை, எனாமல் வண்ணம், சுண்ணக்கட்டியால் இழுத்த இரண்டு கோடுகள் ஆகிய இவையே அவர்களின் கருவிகள். ஞகரத்தின் வெளிவளைவைப் பருக்கச் செய்து உள்வளைவை மெலிக்கும் நுட்பம் நூலில் கற்றதன்று. உள்ளே வண்ணம் வழிந்து அடைபடுவதைக் கண்டு கை தானே கற்றது. ணகரம் வந்தால் அதற்கு அகலம் கூட்டுவர். புள்ளியைச் சற்று உயர்த்தி, எழுத்தின் தடிப்புக்கு ஏற்பப் பெரிதாக்குவர். ஒரு சொல்லின் எழுத்துகள் அனைத்தையும் தொலைவிலிருந்து நோக்கி, கடைசி எழுத்தில் ஒரு சுழிப்பை வைத்துச் சமன்செய்வர். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முன்னர் எழுதப்பட்ட பழம்பலகைகள் எஞ்சியிருக்கும் இடங்களில், தும்பிக்கை வைத்த 'லை'யையும் 'னை'யையும் இன்றும் காணலாம். அவ்வடிவங்கள் அகலத்தைச் சேமித்தன என்பது பலகைக்காரர்களுக்குத் தெரிந்த செய்தி. அதற்காகச் சீர்திருத்தத்தைக் குறைகூற வேண்டியதில்லை. தட்டச்சுக்கும் கணினிக்கும் குழந்தைகளுக்கும் அது செய்த நன்மை பெரிது.

அளவுக்கு விதி உண்டு

நெகிழித் திரையில் அச்சிடும் பொறிகள் வந்தபின் தூரிகைகள் ஓய்ந்தன. ஓவியர் ஒரு நாள் முழுவதும் எழுதிய பலகையைப் பொறி சில நிமிடங்களில் அச்சிட்டுவிடுகிறது. வணிகர் அதை நாடியதில் பிழையில்லை. பிழை வேறிடத்தில் நேர்ந்தது. நூலின் உள்பக்கத்துக்காக வரையப்பட்ட எழுத்துருவை எடுத்துப் பத்தடிக்குப் பெருக்குகின்றனர். தடித்த வடிவம் அவ்வெழுத்துருவில் இல்லையெனில், மென்பொருள் தானாகவே கோட்டின் எல்லையை எல்லாப் பக்கமும் சம அளவில் வீங்கச் செய்கிறது. இடம் போதவில்லை என்றால் பக்கவாட்டில் நசுக்குகின்றனர், மிஞ்சினால் இழுக்கின்றனர். அதன்மேல் மஞ்சளில் ஒரு விளிம்பு, அதற்கும் மேல் ஒரு நிழல். உள்வெளி எஞ்சுவதற்கு இனி வழியேது?

தமிழ்நாட்டில் கடைப்பெயர்ப் பலகைகளுக்கு விதி உண்டு. தமிழ் முதன்மையாக இடம்பெற வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவை 5:3:2 என்னும் அளவில் அமைய வேண்டும் என்பது அரசின் நெறி. நல்ல நெறியே. எனினும் அது பரப்பைத்தான் அளக்கும். விதிப்படி எழுதிய பலகை ஒன்றைச் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து நோக்கினால், ஐந்து பங்கு இடத்தில் நிற்கும் தமிழைவிட மூன்று பங்கு இடத்தில் நிற்கும் ஆங்கிலம் முந்திக்கொண்டு கண்ணில் படுவதைப் பலமுறை காணலாம். ஆங்கிலத்துக்குத் தடித்த பலகை எழுத்துகள் ஏராளம் உண்டு. 1922இல் ஆசுவால்ட் கூப்பர் வரைந்த 'கூப்பர் பிளாக்' ஒன்றையே எடுத்துக்கொண்டாலும், அதன் முனைகள் உருண்டவை. கோடுகள் மிகப் பருத்தவை. உள்வெளிகளோ அளந்து விடப்பட்டவை. பெருப்பதற்காகவே பிறந்த எழுத்து அது. அதனருகில் நிற்கும் தமிழ், சிறுவன் சட்டையைப் பெரியவருக்குப் போட்டதுபோல் தையல் விட்டு நிற்கிறது. அளவால் கொடுத்த முதன்மையை வடிவால் இழப்பது தமிழுக்கு நேரும் இழப்பு. சட்டத்தால் இதைச் சரிசெய்ய இயலாது.

'படிப்பவர் எப்படியும் ஊகித்துக்கொள்வார், பலகை விற்பனைக்குத்தானே?' என்று கேட்போர் உண்டு. ஊருக்குப் பழகியவர் ஊகித்துக்கொள்வார். பல நேரங்களில் அவருக்குப் பலகையே தேவைப்படாது. பலகை தேவைப்படுபவர் முதன்முறை வருபவர். நெசவூர் ஒன்றிலிருந்து பேரனின் கைப்பிடித்து அரசு மருத்துவமனைக்கு வரும் மூதாட்டி, தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவராக இருக்கலாம். கண்புரை வேறு இருக்கலாம். 'மகப்பேறு', 'எலும்பு முறிவு', 'கண் சிகிச்சை' என்பனவற்றுள் எது எது என்று அவர் நடைவழியின் ஒரு கோடியிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலம் அறிந்தவர் பக்கத்து வரியை நோக்கித் தப்பித்துக்கொள்வார். அவருக்கு அந்த வழியும் இல்லை. 'கண்' என்னும் சொல்லின் ணகரம் அடைபட்டுப் புள்ளியும் மறைந்தால் ஏமாறுபவர் அவரே. பட்டுக்கடைப் பலகையில் பொறுத்துக்கொள்ளத்தக்க குறை, பேருந்தின் நெற்றியிலும் மருத்துவமனைச் சுவரிலும் பொறுக்கத்தக்கதன்று.

மாற்று இல்லாமல் இல்லை. பிரியா இரவிச்சந்திரன் வரைந்த 'காட்டமரான்' எழுத்துரு, மிக மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது நிலைகளில் தமிழையும் இலத்தீனையும் இணையாக வைக்கிறது. மும்பையின் ஏக் டைப் குழுவினர் உருவாக்கிய 'பலூ தம்பி' பலகைக்கென்றே தடிப்பாக வரையப்பட்டது. அதன் வளைவுகளில் ஒரு குறும்பும் உண்டு. 'நோட்டோ செரிஃப் தமிழ்' தடிப்பும் மெலிவும் கலந்த கோட்டைப் பல நிலைகளில் தருகிறது. இவை மூன்றும் விலையின்றிக் கிடைப்பவை. ஆயினும் அச்சுக்கடைக் கணினிகளில் பழைய கோப்புகளே ஆட்சி செய்கின்றன. வடிவமைப்பவருக்கு வேறுபாட்டைச் சொல்லிக்கொடுப்பார் இல்லை. எழுத்துருக்கள் பெருகினால் மட்டும் போதாது. எதை எங்கே இடுவது என்னும் கல்வியும், மறைந்துவரும் பலகை ஓவியர்களின் கைவழக்கைப் படமெடுத்து ஆவணமாக்கும் முயற்சியும் உடன் வேண்டும். தூரிகைத் தமிழின் தடிப்பும் மெலிவும் கொண்ட ஒரு முழுமையான பலகை எழுத்துருவுக்கு அந்த ஆவணமே மூலப்படியாகும்.

இதற்கான பாடம் காஞ்சியின் தறியிலேயே இருக்கிறது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு இழையோடு இழை கோக்கப்படுகின்றன. கரை என்பது உடலின் நீட்சியன்று. தனி வண்ணம், தனிச் சரிகை, தனி வடிவம் கொண்டது. தலைப்பெழுத்துக்கும் உள்ளெழுத்துக்கும் உள்ள உறவு அத்தகையது. சேலையில் ஒரு பூவையோ பெயரையோ நெய்வதற்கு முன், வடிவமைப்பவர் அதைக் கட்டத்தாளில் வரைகிறார். தாளின் ஒரு கட்டம் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓரிடம். கட்டத்தை நோக்கி அட்டையில் துளையிட, அத்துளையின்படி ஜக்கார்டுப் பொறி இழையைத் தூக்குகிறது. பூவைப் பெரிதாக்க விரும்பினால் பழைய தாளை இருமடங்காக்கி நெய்துவிட முடியாது. பரப்பு பெருகும்போது சரிகை நெடுந்தொலைவு கட்டுப்படாமல் மிதக்கும். உடுத்துபவரின் வளையல் பட்டால் இழுபடும். ஆகையால் இடையிடையே இழை பிடிக்கும் இடங்களைச் சேர்த்து, இதழுக்கும் இதழுக்கும் இடையே வெளிவிட்டு, பூவை முதலிலிருந்து மறுபடி வரைகிறார்.

'காஞ்சிபுரம்' என்னும் சொல்லைப் பலகைக்கு அவ்வாறு வரைய வேண்டுமெனில், தொடங்க வேண்டியது முதலெழுத்தில் அன்று. நடுவிலுள்ள ஞகர மெய்யில். அதற்கு எத்தனை அகலம் வேண்டுமோ அதை முதலில் ஒதுக்கி, அதன் உள்வெளி அடைபடாத அளவுக்கே கோட்டின் தடிப்பை வரையறுத்து, புள்ளிக்கு மேலே இடம்விட்டு, அதன்பின்பே ககரத்தையும் பகரத்தையும் மகரத்தையும் அதற்கு இணங்க வரைதல் தகும்.